விளக்கேந்திய மீனும் அதன் பெயரும்

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள். அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயின் நாட்டிற்கு உரிய கானரித் தீவுகளுள் ஒன்றான டெனெரீஃபின் கரைக்கு அருகே, சுறாக்களை ஆய்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த குழுவொன்று, பட்டப்பகலில் கரிய மீன் ஒன்று நீர்மட்டத்தை நோக்கித் தள்ளாடி ஏறி வருவதைக் கண்டது. வளர்ந்தபின் கதிரவன் ஒளியே எட்டாத ஆழத்தில் வாழ்வது அம்மீனின் இயல்பு. காயமுற்றிருந்த அது சில மணி நேரத்தில் இறந்துபோயிற்று. அதன் உடல் அத்தீவின் தலைநகரில் உள்ள அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது எடுக்கப்பட்ட படம் பிப்ரவரித் திங்களில் உலகெங்கும் பரவியது. திறந்த வாயும் ஊசிப் பற்களுமாகத் திரையில் பூதம்போல் தோன்றிய அம்மீன், உண்மையில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினதே. 'மெலனோசீட்டஸ் ஜான்சோனி' என்று அதனை இனங்கண்டனர். மெலனோசீட்டஸ் என்னும் கிரேக்கச் சொல்லாக்கத்திற்குக் 'கருந்திமிங்கிலம்' என்பது பொருள். பெயரிட்டவர்கள் அளவைப் பார்த்தா பெயரிட்டார்கள்?

இவ்வகை மீன்களின் விந்தை வாழ்க்கையைக் குறித்துப் பலரும் எழுதிவிட்டனர். நமக்கு எழும் வினா வேறு. இருளில் வாழ்ந்து, அரிதாகவே வலையில் அகப்பட்டு, அகப்படும்போதும் பெரும்பாலும் சிதைந்தே மேலே வரும் ஓர் உயிரை 'இது இன்னது' என்று எவ்வாறு துணிந்து கூறுகின்றனர்? ஒரு சிற்றினம் என்று அதற்குப் பெயர் சூட்டும் உரிமை எதனால் வருகிறது?

தூண்டில் மீன்களைப் பற்றிய அறிவு பழைமையானது. கரையோரக் கடலில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் லோஃபியஸ் என்னும் உறவினத்தை அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். கண்களுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் காட்டிச் சிறுமீன்களை ஈர்த்துப் பிடிக்கும் தவளை என அதனை அவர் வர்ணித்துள்ளார். அவருடைய விலங்கியல் நூல்கள் அப்பாசியர் காலத்தில் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டு 'கிதாபுல் ஹயவான்' என்று வழங்கின. (அல்-ஜாஹிழ் இயற்றிய அதே பெயருடைய பெருநூல் வேறு, இரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் இன்றும் உளர்.) ஆனால் இக்குடியின் ஆழ்கடற் கிளையை அறிஞர் உலகம் கண்டது 19ஆம் நூற்றாண்டில்தான். கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கி, பறவைகள் கொத்தித் தின்றது போக எஞ்சிய ஒரு மீனின் பகுதிகளை வைத்துக்கொண்டு, டென்மார்க்கின் ரைன்ஹார்ட் 1837இல் 'ஹிமாண்டோலோஃபஸ் கிரோன்லாண்டிகஸ்' என்னும் பெயரை வெளியிட்டார். இத்துறையின் முதற் சான்றே ஓர் எச்சில் உடல்!

மேலே கூறிய மெலனோசீட்டஸ் ஜான்சோனியின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. மதீரா தீவிலிருந்து ஜான்சன் என்னும் இயற்கையறிஞர் அனுப்பிவைத்த ஒரே ஒரு மீனைக் கொண்டு, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் 1864இல் அதனை விவரித்தார். அம்மீன் தன்னினும் நீளமான இன்னொரு மீனை விழுங்கி, அதனை வயிற்றில் சுருட்டி வைத்திருந்தது. கப்பல்களைக் கொண்டு ஆழ்கடலைத் துழாவும் முயற்சிகள் பெருகிய பின்னர் மாதிரிகள் கூடின. நமது வங்கக் கடலிலும் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பல் இழுத்த வலையில் அகப்பட்ட ஒன்றனுக்கு, அக்கப்பலில் மருத்துவராகவும் இயற்கையறிஞராகவும் பணியாற்றிய ஆல்காக் 1890இல் பெயரிட்டார். இன்று ஆழ்கடல் தூண்டில் மீன்களில் 11 குடும்பங்களும் சுமார் 170 சிற்றினங்களும் கணக்கிடப்படுகின்றன. அவற்றுள் ஒரேயொரு மாதிரியால் மட்டுமே அறியப்பட்டவை பல. அதாவது, ஒரு குடுவையில் சாராயத்தில் மிதக்கும் ஓர் உடல்தான் அவ்வினம் முழுமைக்கும் உலகில் உள்ள ஒரே சாட்சி.

இனங்காணும் முறைக்கு வருவோம். மீனியலார் முதலில் எண்ணுகின்றனர். முதுகுத் துடுப்பில் கதிர்கள் எத்தனை, குதத் துடுப்பில் எத்தனை, தாடையில் பற்கள் எத்தனை என்பது கணக்கு. மெலனோசீட்டஸ் பேரினத்தில் முதுகுத் துடுப்பின் கதிர்கள் 12க்கும் மேற்பட்டு இருக்க, குதத் துடுப்பில் நான்கைந்துக்கு மேல் இரா. இந்த ஏற்றத்தாழ்வே அதனைப் பிறவற்றினின்று பிரித்துவிடும். செராட்டியஸ் பேரினத்தின் முதுகில், துடுப்பிற்கு முன்னால், இரண்டு தசைக் குமிழ்கள் உண்டு. அதன் நெருங்கிய உறவான கிரிப்டோப்சாரஸிற்கு மூன்று. லினோஃப்ரைனி எனில் மோவாயிலிருந்து தாடிபோன்ற இழையொன்று தொங்கும். நீளத்தை அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரையே அளப்பர். வால் கதிர்கள் வலையில் முறிந்துபோவது வழக்கமாதலின் அவற்றை நம்புவதில்லை. எலும்புகளைக் காண எக்ஸ் கதிர்ப் படம் உதவும். தசையைப் பளிங்குபோல் ஆக்கி, எலும்பிற்குச் செந்நிறமும் குருத்தெலும்பிற்கு நீலநிறமும் ஏற்றிப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் மாதிரி ஒன்றே ஒன்றாக இருக்கும்போது அதைச் செய்ய எவருக்குத்தான் மனம் வரும்?

இவையெல்லாம் குடும்பத்தையும் பேரினத்தையும் காட்டும். சிற்றினத்தைக் காட்டுவதோ பெரும்பாலும் அந்த விளக்குத்தான். பெண் மீனின் முதுகுத் துடுப்பின் முதற்கதிர் தலைக்கு முன்னேறித் தூண்டிற்கோலாக நீண்டிருக்கிறது. அதன் நுனியில் 'எஸ்கா' எனப்படும் குமிழ் இருக்கும். குமிழுக்குள் ஒளிவீசும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். குமிழைச் சூழ இழைகள், முகைகள், கருநிறப் பட்டைகள் ஆகியன ஒவ்வோர் இனத்திற்கும் ஒவ்வொரு வகையாக அமைந்திருக்கும். ஒனைரோடெஸ் என்னும் பேரினத்தில் முப்பதிற்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. உடலை மட்டும் கண்டு அவற்றைப் பிரித்தறிவது ஏறத்தாழ இயலாத செயல். எஸ்காவை உருப்பெருக்கியின்கீழ் வைத்து, எந்த இழை எங்கிருந்து கிளைக்கிறது என்று வரைந்து பார்த்த பின்னரே பெயர் கூறப்படுகிறது.

குமிழின் வடிவம் இனத்திற்கு இனம் வேறுபட, உள்ளே எரியும் ஒளியும் அவ்வாறே வேறுபடும் என்று எவரும் எண்ணுவர். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மரபணு ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. இந்த பாக்டீரியாக்கள் தம் உறவினங்களைவிடப் பாதியளவு மரபணுத் தொகுதியை இழந்தவை. ஆயினும் தாயிடமிருந்து சேய்க்கு வழிவழியாக வருபவை அல்ல. ஒவ்வொரு மீனும் அவற்றைக் கடல்நீரிலிருந்தே பெறுகிறது. அதனினும் வியப்பு, 'என்டெரோவிப்ரியோ எஸ்ககோலா' என்னும் ஒரே இன பாக்டீரியா, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மீன்களிலும் குடியிருந்தமை. விளக்குகள் பல, அவற்றுள் ஊற்றிய எண்ணெய் ஒன்று. எனவே இனத்திற்குரிய அடையாளம் ஒளியில் இல்லை, ஒளியைத் தாங்கும் குமிழின் அமைப்பில்தான் இருக்கிறது. அவ்விருளில் ஓர் ஆண் தன் இனத்துப் பெண்ணைத் தெரிந்துகொள்வதும் இவ்வமைப்பைக் கண்டுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையாயின், நாம் குடுவைக்கு வெளியே நின்று பார்க்கும் அதே அடையாளத்தைத்தான் அம்மீனும் பார்க்கிறது.

இந்த அடையாளத்தில் இடர்ப்பாடும் உண்டு. எஸ்கா மென்மையானது. ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து இழுவலையில் பிற உயிர்களோடு நசுங்கி வரும்போது அதுவே முதலில் பிய்ந்துபோகும். இளம் பெண்ணின் எஸ்காவும் முதிர்ந்த பெண்ணின் எஸ்காவும் ஒன்றுபோல் இரா. ஆதலின் ஒரே இனத்தின் இரண்டு பருவங்களை இரண்டு இனங்களாகக் கொள்ளும் தவறு எளிதில் நிகழக்கூடும். பழைய குடுவைகளில் உள்ளவை ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டவை. அவற்றினின்று மரபணுவைப் பெறுதல் கடினம். இப்போதெல்லாம் ஃபார்மலினில் இடுவதற்கு முன்னரே சிறு தசைத் துண்டொன்றை வெட்டிச் சாராயத்தில் காத்துவைக்கின்றனர்.

இத்துறையின் மிகப்பெரிய பிழை எஸ்காவால் வந்ததன்று, எஸ்கா இல்லாமையால் வந்தது. 1898-99இல் ஆழ்கடற் பயணம் மேற்கொண்ட 'வால்டிவியா' என்னும் ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் கொண்டுவந்தவற்றுள் தூண்டிற்கோலே இல்லாத சில சிறு மீன்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்த பிரௌவர், 1902இல் 'கொம்பிலி' என்று பொருள்படும் 'அசெராட்டியஸ்' என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். பின்னர் அவற்றுக்கென ஒரு குடும்பமே வகுக்கப்பட்டது.

இதற்கிடையே 1922இல் ஐஸ்லாந்தின் மீனியலார் ப்யார்னி சாமுண்ட்சன், பெரிய செராட்டியஸ் பெண்மீன் ஒன்றன் வயிற்றுப் புறத்தில் இரு சிறு மீன்கள் மூக்கால் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். தாயும் குஞ்சுகளும் என்றே அவர் கருதினார். இதற்காக அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கண்முன் இருந்ததை உள்ளவாறே எழுதி வைத்தவர் அவர். கொண்ட முடிவு தவறாயினும் தந்த வர்ணனை பிறருக்குப் பயன்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1925இல், லண்டனில் சார்லஸ் டேட் ரீகன் இத்தகைய ஒட்டிய சிறுமீன் ஒன்றனை அறுத்துப் பார்த்தார். அது குஞ்சு அன்று, முதிர்ந்த ஆண். அதன் வாய்ப்புறம் பெண்ணின் தசையோடு இணைந்து வளர்ந்திருந்தது. இரத்த ஓட்டமும் பெண்ணுடையதோடு கலந்திருந்தது. பெண் உண்டு செரித்ததைக் கொண்டே அது உயிர் வாழ்ந்தது.

இவ்வுண்மை வெளிப்பட்டதும் அந்தக் 'கொம்பிலி'க் குடும்பத்தின் அடித்தளம் ஆடிற்று. அம்மீன்கள் தனியொரு குலத்தவை அல்ல, பெண்ணை இன்னும் அடையாத ஆண்களே என்று 1930இல் பார் என்பவர் எடுத்துக்காட்டினார். பெரிய நாசித்துளைகள், சிலவற்றில் பெரிய கண்கள், மூக்கு நுனியிலும் மோவாயிலும் பற்றிக்கொள்வதற்கான சிறு முட்கள் என அவற்றின் உடல் முழுதும் தேடலுக்கென்றே அமைந்திருந்தது. சரி, எந்த ஆண் எந்தப் பெண்ணுக்கு உரியது? ஒட்டிய நிலையில் அகப்பட்டாலன்றிச் சான்று ஏது? இம்முடிச்சைப் பெரிதும் அவிழ்த்தவர் டென்மார்க்கின் எரிக் பெர்டெல்சன். 'டானா' கப்பல் 1920களில் திரட்டிய இளவுயிரிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்து, 1951இல் அவர் தமது பெருநூலை வெளியிட்டார். இளவுயிரிகள் கடலின் மேலடுக்கில் வாழ்கின்றன. அந்தப் பருவத்திலேயே பெண்ணின் நெற்றியில் தூண்டிற்கோலின் சிறு முளை தென்படும். ஆணிடம் அது தென்படாது. மற்ற அமைப்புகளிலோ இரண்டும் ஒத்திருக்கும். எனவே குழந்தைப் பருவத்து ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்தபின் அடையாளமே தெரியாமல் பிரிந்துபோன ஆணையும் பெண்ணையும் ஒரே பெயரின்கீழ் அவர் சேர்த்தார். ஒருவர் இருபது ஆண்டு வலையிழுத்தும் தேடிக் காணாததை, முன்பே பிடித்து வைத்தவற்றைப் பொறுமையுடன் அடுக்கியே கண்டார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். எல்லா இனங்களிலும் ஆண் ஒட்டியே வளர்வதாகப் பலர் எழுதிவருவது பிழை. மெலனோசீட்டஸ், ஹிமாண்டோலோஃபஸ் போன்றவற்றில் அது சிறிது காலம் பற்றியிருந்து விட்டுவிடுகிறது. நிலையாக இணையும் இனங்களில், அயல் உடலை எதிர்க்கும் தடுப்பாற்றலுக்குரிய இன்றியமையாத மரபணுக்கள் சில அழிந்தோ குன்றியோ போயின என்று 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உயிருள்ள நிலையில் இவ்விணைப்பைக் கண்டவர்களும் மிகச் சிலரே. 2016இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 800 மீட்டர் ஆழத்தில், நீர்மூழ்கி ஒன்றில் இறங்கிய ஆய்வாளர் தம்பதியர், ஆண் ஒட்டிய கௌலோஃப்ரைனி பெண் ஒன்றைப் படமெடுத்தனர். அது 2018இல் வெளியிடப்பட்டது. உயிரோடு பார்ப்பது நம் படங்களையும் திருத்துகிறது. கைகாண்டாக்டிஸ் என்னும் நீள்கோல் மீனை நூல்களில் நிமிர்ந்து நீந்துவதாகவே வரைந்துவந்தனர். தலைகீழாக மிதந்தபடி கோலைக் கீழே தொங்கவிட்டிருப்பதைக் கண்டு 2002இல் எழுதினர்.

அவ்வாறாயின், கண்ணால் கண்டால் போதாதா? உடல் எதற்கு? இவ்வினாவிற்கு விடையாக வில்லியம் பீபியின் கதையைக் கூறலாம். 1934இல் பெர்முடாக் கடலில், 'பாத்திஸ்ஃபியர்' என்னும் எஃகுக் கோளத்திற்குள் அமர்ந்து 923 மீட்டர் ஆழம்வரை இறங்கியவர் அவர். அவருக்குமுன் உயிருடன் அவ்வளவு ஆழம் சென்றவர் எவருமிலர். சாளரத்தின் வழியே தாம் கண்ட சில மீன்களுக்கு, பிடிக்காமலேயே, அறிவியற் பெயரும் சூட்டினார். முதுகில் மூன்று விளக்குகளை ஏந்திய தூண்டில் மீன் ஒன்று அவற்றுள் அடங்கும். 'பாத்திசெராட்டியஸ் டிரைலிக்னஸ்' என்றார். அந்த மூவிளக்கு மீன் அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. எவர் வலையிலும் விழவில்லை. பீபி பொய்யுரைத்தார் என்று நாம் கருதவில்லை. அவர் கண்டது பிழையாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்க்கத் துடுப்புக் கதிர் இல்லை. வரைந்து பார்க்க எஸ்கா இல்லை. அதனால் அவரோடு மாறுபடவும் வழியில்லை, உடன்படவும் வழியில்லை. பறவை கொத்திய கிரீன்லாந்து மீனுக்கு இருந்த பலம், முழுமையாகக் கண்டதாகச் சொன்ன இந்த மீனுக்கு இல்லாமற்போயிற்று.

இதே பீபியின் பெயரைத் தாங்கிய மெய்யான மீன் ஒன்றும் உண்டு. 'லேசியோக்னாத்தஸ் பீபெய்' என்பது அது. ரீகனும் எதெல்வின் டிரெவாவஸ் அம்மையாரும் 1932இல் விவரித்தது. லேசியோக்னாத்தஸ் பேரினத்தின் மேல்தாடை கீழ்த்தாடையைக் கடந்து வெகுதூரம் முன்னே நீண்டு, நீண்ட பற்களோடு பொறியின் கதவுபோல் கவிந்திருக்கும். எஸ்காவின் நுனியிலோ எலும்பாலான கொக்கிகள்! கோல், கயிறு, இரை, முள் என்று செம்படவனின் கருவி அத்தனையும் ஒரே நெற்றியில். இப்பேரினத்தின் புதிய சிற்றினம் ஒன்றைத்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தியோடர் பீட்ச், ஃபுளோரிடாவின் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசி சட்டன் ஆகிய இருவரும் 2015இல் 'கோப்பையா' ஆய்விதழில் விவரித்தனர்.

மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் 1000 முதல் 1500 மீட்டர் ஆழத்தில் கிடைத்த மூன்று பெண் மீன்கள் அவர்கள் கையில் இருந்தன. சிறியது 30 மில்லிமீட்டர், பெரியது 95 மில்லிமீட்டர். முன்னரே அறியப்பட்ட ஐந்து சிற்றினங்களோடு அவற்றை ஒப்புநோக்கினர். தாடையும் பல்லும் இது லேசியோக்னாத்தஸ் என்றன. ஆனால் எஸ்காக் கொக்கிகளின் அடியிலிருந்து இரண்டு நீண்ட இழைகள் கிளம்பியிருந்தன. அத்தகைய இழைகள் மற்ற ஐந்திலும் இல்லை. ஒரு மாதிரியில் மட்டும் கண்டால் திரிபு என்று தள்ளலாம். அளவில் வேறுபட்ட மாதிரிகளில் கண்டதனால் பருவ மாற்றம் என்றும் கூறுவதற்கில்லை. கிரேக்கத்தில் 'டி' என்றால் இரண்டு, 'நெமா' என்றால் நூல். 'லேசியோக்னாத்தஸ் டினெமா' என்று பெயரிட்டனர். இரட்டை நூல் உடையது என்பது பொருள். இத்தகைய விவரிப்பில் ஒரு மாதிரியைப் பெயருக்கு உரிய மூல மாதிரியாக அறிவித்து, காப்பகத்தில் எண்ணிட்டு வைப்பது விதி. நாளை எவரேனும் ஐயுற்றால் நூலைப் புரட்டுவதோடு நில்லாமல் அந்த உடலிடமே சென்று கேட்கலாம்.

அவ்வளவு ஆழத்தில் அன்று வலையிழுக்கக் காரணம் என்ன என்பதையும் கூறியாக வேண்டும். 2010 ஏப்ரல் 20ஆம் நாள் அதே வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் எண்ணெய் துளைமேடை வெடித்தது. பதினொரு தொழிலாளர் உயிரிழந்தனர். சுமார் 1500 மீட்டர் ஆழத்தில் கடல்தரையிலிருந்த கிணற்றிலிருந்து 87 நாள்கள் எண்ணெய் கொட்டியது. உடைந்த கிணற்றின் வாயும் இந்த மீன்கள் கிடைத்த நீர்ப்பரப்பின் அடியெல்லையும் ஏறத்தாழ ஒரே ஆழம். நேர்ந்த சேதத்தை மதிப்பிட அமெரிக்க அரசு மேற்கொண்ட ஆய்வின் வலைகளில்தான் டினெமா அகப்பட்டது. இழப்பைக் கணக்கிட இறங்கியவர்கள், முன்பு என்ன இருந்தது என்னும் பட்டியலே தம்மிடம் முழுமையாக இல்லை என்பதைக் கண்டனர். வெடிப்புக்குமுன் அந்நீரில் இரட்டை நூல் மீன்கள் எத்தனை இருந்தன என்பதை இனி எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. ஓர் உயிரின் பெயர் பேரேட்டில் ஏறுவதற்கே ஒரு பேரழிவின் செலவுக்கணக்கு தேவைப்பட்டது என்பது நம்மை உறுத்துகிறது. புதிய இனம் கண்டதாக அன்று வந்த செய்திகளில் மகிழ்ச்சியே மேலோங்கியிருந்தது. அம்மகிழ்ச்சியை நாம் மறுக்கவில்லை, ஆயினும் அதனோடு இக்கணக்கையும் சேர்த்தே படிக்கிறோம்.

டினெமாவை விவரித்த கட்டுரையில் இடம்பெற்றவை மூன்றும் பெண்களே. அதன் ஆண் எங்கோ இருளில் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது, நீண்ட காலத்திற்கு முன்னரே ஏதோவொரு கப்பலின் வலையில் அகப்பட்டு, ஏதோவொரு காப்பகத்தின் அலமாரியில், 'ஆண், இனம் தெரியவில்லை' என்னும் சீட்டோடு ஒரு சிறு குடுவையில் கிடக்கவும் கூடும்.